வகுப்பறையில் வண்ணத்துப்பூச்சி வளர்த்தல்: வன்னிப் பாடசாலைகளுக்கான ஒரு வழிகாட்டி

பாடநூலில் முட்டை, குடம்பி (புழு), கூட்டுப்புழு, நிறையுடலி (வளர்ந்த பூச்சி) என்று நான்கு படங்களாக அச்சிடப்பட்டிருக்கும் வாழ்க்கை வட்டத்தை, ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்குள் வகுப்பறை மேசை ஒன்றின் மேல் மாணவர்கள் தாமே பார்த்து எழுதும்படி செய்துவிடலாம். வன்னியில் இதற்கென்று விலைகொடுத்து வாங்கவேண்டியது அநேகமாக எதுவுமில்லை. வேலியோரத்து எருக்கலை, கிணற்றடித் தேசிமரம், குசினிக்குப் பின்னால் நிற்கும் கறிவேப்பிலை, காணி மூலையில் தானாக முளைத்த விளாத்தி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பாடசாலை வளவிலோ அதன் அயலிலோ நிச்சயம் இருக்கும். ஆனால் பலர் புழுவைக் கண்டுபிடித்துப் போத்தலில் போட்ட பின்னர்தான் அது என்ன தின்னும் என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்த வரிசையை மாற்றிச் செடியிலிருந்து தொடங்கினால், இந்தச் செயற்றிட்டத்தில் வரக்கூடிய இடர்களில் பெரும்பாலானவை வராமலே போய்விடும்.

செடியும் பூச்சியும்

போத்தலுக்குள் இலை நிறைய இருந்தும் புழு பட்டினியால் இறப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சி இனமும் தனக்குரிய ஒரு சில தாவரங்களில் மட்டுமே முட்டையிடுகிறது. பெண் பூச்சி இலையின் மேல் இறங்கி, முன்னங்கால்களால் அதைத் தட்டிப் பார்த்து, அக்கால்களிலுள்ள சுவையுணர் உறுப்புகள் மூலம் இது தன் குஞ்சுகளுக்கு உரிய இலைதான் என்று அறிந்த பின்னரே முட்டையை ஒட்டுகிறது. தாய் தெரிந்தெடுத்த இலையை விட்டு வேறு இலையைக் கொடுத்தால் புழு அதைக் கடிப்பதில்லை. எனவே புழுவை எந்தச் செடியில் கண்டோமோ அந்தச் செடியின் இலையையே இறுதிவரை கொடுக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குப் போதுமான இலை அந்தச் செடியில் உண்டா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வன்னியில் முதன்முதலாக இதைச் செய்யும் ஆசிரியருக்கு நான் பரிந்துரைப்பது தேசி, விளாத்தி, கறிவேப்பிலை ஆகிய மூன்றில் ஒன்றையே. இம்மூன்றிலும் முட்டையிடும் பப்பிலியோ டெமோலியஸ் என்ற பூச்சி, கறுப்பில் இளமஞ்சள் திட்டுகளும் பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் பொட்டும் கொண்டது. ஆங்கிலத்தில் லைம் பட்டர்பிளை என்று அழைக்கப்படுவதும் இதுவே. இது முழு வளர்ச்சியடைந்த மரத்தின் உச்சியைவிட, இடுப்பளவு உயரத்தில் நிற்கும் கன்றுகளின் தளிரை விரும்புவதால், சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு முட்டை எளிதில் அகப்படும். இளமஞ்சளில், ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவில், உருண்டையாக ஒவ்வொன்றும் தனித்தனியே ஒட்டப்பட்டிருக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, தோலைக் கழற்றிக் கழற்றி வளரும் ஐந்து பருவங்களில் முதல் நான்கிலும் கபிலமும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே தோன்றுவதால், மாணவர்கள் அதை இலையில் விழுந்த அழுக்கு என்று எண்ணித் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பருவத்தில் அதே புழு பச்சை நிறமாக மாறிவிடுகிறது. அப்போது அதன் முதுகை ஒரு மெல்லிய தூரிகையால் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவை வடிவிலான ஓர் உறுப்பு வெளியே நீண்டு, கடுமையான மணத்தைப் பரப்பிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். எறும்பு, குளவி முதலிய எதிரிகளை விரட்டுவதற்கான ஏற்பாடு அது. ஒரு தடவை காட்டினால் போதும். ஒவ்வொரு மாணவனும் தொட்டுப் பார்க்க முற்பட்டால் புழு தின்பதை நிறுத்திவிடும்.

கறிவேப்பிலையில் இன்னொரு சுவையான விடயம் காத்திருக்கிறது. அதில் வளரும் புழுக்கள் சில, டெமோலியஸ் ஆகாமல், அதன் உறவினமான பப்பிலியோ பொலிற்றெஸ் என்ற கறுப்புப் பூச்சியாக வெளிவரும். இதன் ஆண்கள் யாவும் ஒரே தோற்றம் கொண்டவை. பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். பெண்களோ மூன்று வடிவங்களில் வருகின்றன. ஒரு வடிவம் ஆணைப் போன்றது. மற்றைய இரண்டும், ஆடுதீண்டாப்பாளை என்ற செடியைத் தின்று வளர்ந்து உடலில் நஞ்சேற்றிக்கொள்ளும் சிவப்பு உடல் பூச்சிகள் இரண்டைப் பார்த்து வரைந்தாற்போல் இருக்கும். அந்த நஞ்சுப் பூச்சிகளைத் தின்று பழகிக் கசந்துபோன பறவைகள், நஞ்சற்ற இந்தப் பெண்களையும் விட்டுவிடுகின்றன. ஒரே செடியில் எடுத்த புழுக்களிலிருந்து வேறு வேறு தோற்றத்தில் பூச்சிகள் வெளிவரும்போது, புழுக்களை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று ஆசிரியர் குழம்பத் தேவையில்லை. க.பொ.த. உயர்தர உயிரியல் மாணவர்களுக்குக்கூட இது நல்ல பாடம்.

எருக்கலையில் வளரும் டனாவுஸ் கிறிசிப்பஸ், அதாவது பிளெய்ன் ரைகர், வன்னியில் ஆண்டு முழுவதும் காணக்கூடிய செம்மஞ்சள் நிறப் பூச்சி. ஆடு மாடுகள் எருக்கலையைப் பெரும்பாலும் தொடாததால், வேலியில்லாத வளவிலும் இலைக்குப் பஞ்சம் வராது. புழுவும் பார்ப்பதற்கு மிக அழகானது: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும், முதுகில் மூன்று சோடிக் கறுப்பு இழைகளும் கொண்டது. இருந்தும் இதை இரண்டாம் தெரிவாக வைப்பதற்குக் காரணம் எருக்கலைப் பால். அது கண்ணில் பட்டால் விழிவெண்படலம் பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கக்கூடும். எருக்கலையைத் தெரிவுசெய்தால், இலை பறிப்பதை ஆசிரியரே செய்ய வேண்டும். மாணவர்கள் எவரும் கிளையை ஒடிக்கக் கூடாது. வெட்டிய காம்பைச் சிறிது நேரம் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் வடிந்தபின் நீரில் கழுவியே உள்ளே கொண்டுவர வேண்டும். தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் தூய நீரால் தொடர்ந்து கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தரம் 6க்குக் கீழ்ப்பட்ட வகுப்புகளில் எருக்கலையைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

அலரியில் வளரும் இனத்தின் கூட்டுப்புழு வெள்ளி போல மின்னுவதால் பலருக்கும் ஆசை வரும். ஆனால் அலரியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை என்பதால் அதை வகுப்பறைக்குள் கொண்டுவருவதை நான் விரும்புவதில்லை. மாரியில் முருங்கைத் தண்டில் கூட்டமாக ஒட்டியிருக்கும் மயிர்க்கொட்டிகளை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. அவற்றின் மயிர் தோலில் கடுமையான அரிப்பை ஏற்படுத்தும். அவை வளர்ந்து அந்துப்பூச்சிகளாகுமே தவிர வண்ணத்துப்பூச்சிகளாக மாட்டா. மேலே சொன்ன வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் எவற்றிலும் கொட்டும் மயிர் இல்லை என்பதை வகுப்புத் தொடங்கும் முன்னரே விளக்கிவிட்டால், பிள்ளைகளின் பயம் பாதி குறையும்.

எங்கே எடுப்பது, எப்போது எடுப்பது

பாடசாலை வளவிலும் மாணவர்களின் வீட்டு வளவிலும் மட்டுமே தேட வேண்டும். பற்றைக்காடுகளுக்குள் பாம்பு உண்டு; வன்னியின் சில பகுதிகளில் மிதிவெடி அபாயப் பலகைகளும் இன்னும் நிற்கின்றன. செடி தேடிப் பிள்ளைகளைக் காட்டோரம் அனுப்புவதற்கு எந்தச் செயற்றிட்டமும் பெறுமதி ஆகாது. சுண்டிக்குளம் தேசிய பூங்கா, கொக்கிளாய் சரணாலயம், கட்டுக்கரைக்குளத்தை அண்டிய சரணாலயம் போன்ற இடங்களிலிருந்து எதையும் எடுத்துவருவது சட்டப்படி குற்றம். இலங்கையில் 240க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் சிலவற்றை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் பாதுகாக்கின்றன. வீட்டுத் தேசியிலும் கறிவேப்பிலையிலும் அன்றாடம் காணும் பொதுவான இனங்களோடு நின்றுகொண்டால் இந்தச் சிக்கல் எழாது. ஆடுதீண்டாப்பாளையைக் கண்டால் அதையும் அதிலுள்ள புழுக்களையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து செடிகள் தளிர்விட்டு நிற்கும் தை, மாசி மாதங்கள் மிகவும் ஏற்றவை. பங்குனி வரையும் சமாளிக்கலாம். அதற்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இலை முற்றிக் கடினமாகிவிடும். போத்தலில் வைத்த கிளை மத்தியானத்துக்குள் வாடிவிடும். முதலாம் தவணை தொடங்கியதும் நடைபெறும் சிரமதானத்தில் வளவிலுள்ள எருக்கலையும் விளாத்திக் கன்றும் கத்திக்கு இரையாவது வழக்கம் என்பதால், ஒரு மூலையை நான்கு தடி நட்டுக் கயிறு கட்டி ஒதுக்கிவைக்குமாறு அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. எருக்கலை முளைத்த இடம் பாழாகும் என்று ஊரில் சொல்பவர்கள் இருப்பார்கள். பிள்ளையாருக்கு மாலை கட்ட அதே எருக்கலம்பூவைத் தேடி வருபவர்களும் அவர்கள்தாம் என்பதால், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

முட்டையாகவோ மிகச் சிறிய புழுவாகவோ எடுப்பது எப்போதும் மேலானது. பெரிய புழுக்கள் வெளியில் இருந்த நாட்களில் ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ அவற்றில் முட்டையிட்டிருக்கக்கூடும். வகுப்பு ஒன்றுக்கு நான்கைந்து புழுக்கள் போதும். முப்பது மாணவர்களுக்கு முப்பது புழுக்கள் என்று கணக்குப் போட்டால் இரண்டாம் வாரத்தில் கறிவேப்பிலை மரமே மொட்டையாகிவிடும். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் மிகப் பெரும் பங்கைக் கடைசிப் பருவத்தின் சில நாட்களிலேயே தின்று தீர்க்கிறது.

கூடு அமைத்தல்

காட்போட் பெட்டி ஒன்றின் நான்கு பக்கங்களிலும் பெரிய சாளரங்கள் வெட்டி, பழைய நுளம்பு வலையை ஒட்டினால் கூடு தயார். உயரம் ஓர் அடிக்கு மேல் இருக்க வேண்டும். வெளிவரும் பூச்சி தலைகீழாகத் தொங்கிச் சிறகை விரிப்பதற்கு அந்த இடம் தேவை. கண்ணாடிப் போத்தலுக்குள் வளர்ப்பதைத் தவிர்க்க வேண்டும். உள்ளே வியர்த்து ஈரம் தேங்குவதால் எச்சத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேலும் வழுக்கும் சுவரில் பூச்சியால் ஏற முடியாது.

வெட்டிய கிளையைவிட, பொலித்தீன் பையில் நட்ட தேசிக் கன்றோ கறிவேப்பிலைக் கன்றோ ஒன்றைக் கூட்டுக்குள் வைப்பதே சிறந்தது. சனி, ஞாயிறு நாட்களிலும் போயா விடுமுறையிலும் புழு பட்டினி கிடக்காமலிருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கிளைதான் கிடைக்கிறது என்றால், நீர் நிரப்பிய சிறு போத்தலில் அதைச் செருகி, போத்தலின் வாயைப் பஞ்சால் அல்லது கடதாசியால் இறுக அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் புழு காம்பு வழியே இறங்கி நீரில் மூழ்கிவிடும். கூட்டின் அடியில் பழைய பத்திரிகைத் தாள் விரித்து, நாள்தோறும் காலையில் மாற்ற வேண்டும்.

கூட்டை வைக்கும் மேசையின் கால்கள் நான்கையும் நீர் விட்ட சிரட்டைகளுக்குள் நிறுத்த வேண்டும். வகுப்பறையில் புழு வளர்ப்பதற்கு முதல் எதிரி எறும்புதான். ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிடும். எறும்புக்கு மருந்து தூவுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் புழுவையும் சேர்த்துக் கொல்லும். மேசை சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. தொட்டால் சிரட்டை வைத்ததில் பயனில்லை, பல்லிக்கும் வழி கிடைக்கும். தகரக் கூரை போட்ட அரைச்சுவர் வகுப்பறைகளில் மத்தியான வெக்கை அதிகம் என்பதால், பதினொரு மணியளவில் கூட்டை வேப்பமர நிழலுக்கு மாற்றிவிடலாம். நேரடி வெயில் ஒருபோதும் படக் கூடாது.

நுளம்புச்சுருளும், டெங்கு ஒழிப்புக்காக அடிக்கும் புகையும் புழுக்களுக்கு உடனடி நஞ்சு. பாடசாலைக்குப் புகை அடிக்க வரும் நாளை முன்கூட்டியே கேட்டறிந்து, அன்று கூட்டை ஓர் ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் காலத்தில் வரம்போரத்து எருக்கலையிலிருந்தும், எந்தக் காலத்திலும் கடையில் வாங்கிய கறிவேப்பிலையிலிருந்தும் இலை எடுக்கக் கூடாது. கழுவினால் போய்விடும் என்று நம்புவது வீண்.

நாளாந்தப் பராமரிப்பும் பதிவும்

முட்டை 3 முதல் 5 நாட்களில் பொரிக்கும். புழு ஐந்து பருவங்களைக் கடந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். கூட்டுப்புழு நிலை ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்கள் வரை, குளிரான நாட்களில் இன்னும் சற்று அதிகமாக நீடிக்கும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் புழு பழைய தோலைக் கழற்றுகிறது. அதற்கு முன் ஒரு நாளளவு அசையாமல், தின்னாமல் ஓரிடத்தில் ஒட்டியிருக்கும். செத்துவிட்டது என்று எண்ணி அதைத் தூக்கி எறிந்துவிடுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அந்த வேளையில் புழுவை இடம் மாற்றினால் கால்களின் பிடி விட்டுப்போய், தோலைக் கழற்ற முடியாமல் இறந்துவிடும். மற்ற நேரங்களிலும் விரலால் பிடித்து இழுக்காமல், அது இருக்கும் இலைத்துண்டை வெட்டிப் புதிய இலையின் மேல் வைத்தால், தானாகவே மாறிக்கொள்ளும்.

பதிவேட்டில் நீளத்தை எழுதும்போது அளவுகோலைப் புழுவின் மேல் வைக்காமல், அருகே நூல் பிடித்து அளந்து, நூலை மில்லிமீற்றரில் வாசிக்கச் செய்ய வேண்டும். இன்னொரு நல்ல அளவீடு, தின்ற இலையின் பரப்பு. இலையைக் கூட்டில் வைக்கும் முன் சதுரக்கோட்டுத் தாளில் வைத்து அதன் விளிம்பை வரைந்து, மறுநாள் மிச்சத்தை அதே படத்தின் மேல் வைத்து வரைந்தால், தின்ற சதுரங்களை எண்ணிவிடலாம். நாள்தோறும் விழும் எச்சத்தின் பருமன் கூடிக்கொண்டே போவதையும் மாணவர்கள் விரைவில் கவனிப்பார்கள். எருக்கலைப் புழுவை வளர்ப்பவர்கள், அது இலையின் நடுநரம்பைச் சில வேளைகளில் கடித்துப் பால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, பிறகு அதற்கு அப்பாலுள்ள பகுதியைத் தின்பதைப் பொறுமையாக இருந்தால் பார்க்கலாம்.

புழு தொய்ந்து, கறுத்து, நீர் வடிந்தால் அது நோய். இலையோடு சேர்த்து அகற்றிப் புதைத்துவிட்டு, கூட்டைத் துப்புரவாக்க வேண்டும். புழுவின் உடலிலிருந்து சின்னஞ்சிறு வெண் கூடுகள் வெளிப்பட்டாலோ, கூட்டுப்புழுவிலிருந்து ஈயின் புழு ஒன்று நூல் விட்டு இறங்கினாலோ அது ஒட்டுண்ணியின் வேலை. இதை மாணவர்களிடமிருந்து மறைக்க வேண்டியதில்லை. ஒரு பெண் பூச்சி இடும் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் யாவும் பூச்சிகளானால் வன்னியில் ஒரு தேசிமரமும் மிஞ்சாது என்பதை விளக்க இதைவிட நேரடியான சான்று கிடையாது.

கூட்டுப்புழு நிலையும் வெளிவரலும்

முழு வளர்ச்சி அடைந்த புழு தின்பதை நிறுத்தி, குடலில் எஞ்சியதை ஈரமாக வெளியேற்றிவிட்டு, கூட்டுக்குள் அங்குமிங்கும் அலையும். எருக்கலைப் புழு பட்டுத் திண்டு ஒன்றைப் பின்னிப் பின்காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, தூண்டில் முள்ளைப் போல வளைந்து நிற்கும். ஏறத்தாழ ஒரு நாளில் தோல் பிளந்து, பொன்னிறப் பொட்டுகள் கொண்ட பச்சை அல்லது இளஞ்சிவப்புக் கூட்டுப்புழு தெரியவரும். தேசிப் புழுவோ தலை மேல்நோக்கியபடி தடியில் சாய்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூல் வடத்தைக் கட்டிக்கொள்ளும். இதன் கூட்டுப்புழு பச்சையாகவோ கபிலமாகவோ அமையும். பச்சைத் தண்டுகள் நடுவே சில புழுக்களையும் காய்ந்த சுள்ளிகள் நடுவே சில புழுக்களையும் கூட்டுப்புழுவாக விட்டு, நிறத்தை ஒப்பிடச் செய்தால் சூழலுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர்களே கண்டறிவார்கள்.

கூட்டுப்புழு தவறிக் கீழே விழுந்தால் பயப்பட வேண்டியதில்லை. சொரசொரப்பான துணியின் மேல், வலைச் சுவரை ஒட்டி அதை வைத்துவிட்டால், வெளிவந்த பூச்சி தானே ஏறிக்கொள்ளும்.

கூட்டுப்புழுவின் தோல் கண்ணாடி போலத் தெளிந்து உள்ளிருக்கும் சிறகின் நிறம் தெரிந்தால், அநேகமாக மறுநாள் காலையில் பூச்சி வெளிவரும். பெரும்பாலும் காலைப் பிரார்த்தனைக்கு முன்னரே அது நடந்துவிடுவதால், அன்று சில மாணவர்களை நேரத்தோடு வரச்சொல்லலாம். வெளிவந்தவுடன் சிறகுகள் கசங்கிச் சிறுத்திருக்கும். உடலிலிருந்து திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி, சில நிமிடங்களில் அவற்றை விரித்து, பின்னர் ஓரிரு மணித்தியாலங்கள் காயவிடும். இந்த நேரத்தில் எவரும் தொடவோ, கூட்டுப்புழுவின் தோலைக் கிழித்து உதவவோ கூடாது. அப்படிச் செய்தால் சிறகு நிரந்தரமாக முடமாகிவிடும். அப்போது சொட்டும் செந்நிறத் திரவத்தைக் கண்டு இரத்தம் என்று பிள்ளைகள் கலங்குவார்கள். அது கூட்டுப்புழு நிலையில் சேர்ந்த கழிவு என்பதை முன்னரே சொல்லிவைக்க வேண்டும். எருக்கலைப் பூச்சியானால் பின்சிறகைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிடலாம்: நடுவில் மூன்று கறுப்புப் பொட்டுகள் இருந்தால் பெண், நான்காவதாக நடுவில் வெண்மை கொண்ட ஒரு பொட்டும் இருந்தால் ஆண்.

சிறகு உலர்ந்து, கூட்டுக்குள் பறக்க முயலத் தொடங்கியதும் அன்றைக்கே விட்டுவிட வேண்டும். காலை வெயில் ஏறிய பின், செடி எடுத்த அதே வளவில், பூக்கள் உள்ள பக்கமாகத் திறந்துவிடுவது முறை. மழை பெய்தால் மறுநாள் வரை வைத்திருக்கலாம்; அப்போது பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு சீனி கரைத்துப் பஞ்சில் நனைத்தோ, வத்தகப்பழத் துண்டொன்றையோ கூட்டுக்குள் வைத்தால் போதும். மாலையில் வெளிவந்ததை இருட்டும் வேளையில் விடாமல் காலைவரை வைத்திருக்க வேண்டும்.

அடுத்த தொகுதிக்கு அதே கூட்டைப் பயன்படுத்துவதானால், பழைய காட்போட்டை எரித்துவிட்டு வலையை மட்டும் சவர்க்காரமிட்டுக் கழுவி நல்ல வெயிலில் ஒரு நாள் காயவிட வேண்டும். நோய்க்கிருமிகள் எச்சத்திலும் பழைய தோலிலும் தங்கியிருக்கும். இலை உதிர்ந்த தேசிக் கன்றின் நுனிகளைக் கத்தரித்து, அடியில் மக்கிய சாணம் இட்டு நீர் விட்டால் சில வாரங்களில் மறுபடியும் தளிர்விடும். தளிர் வந்த பின்னரே அடுத்த முட்டையைத் தேடத் தொடங்கலாம்.